வெட்டி வைத்த பாட்டுக்கு ஏன் இத்தனை சண்டை?

மைக்கேல் ஜாக்சன் ரசிகர்கள் நாலு பேர் ஓரிடத்தில் சேர்ந்தால், கொஞ்ச நேரத்தில் பேச்சு ஒரு கேள்வியில் வந்து நிற்கும். 'ஸ்ட்ரீட்வாக்கர்' பாட்டை ஏன் 'பேட்' ஆல்பத்தில் சேர்க்கவில்லை? அதன் இடத்தில் போட்ட 'அனதர் பார்ட் ஆஃப் மீ' அப்படி என்ன ஒசத்தி? பிரின்ஸ் ரசிகர்கள் பக்கம் போனால், வெளியிடாத டேப்புகளை அவர் பூட்டிவைத்த பெட்டகத்தில் இன்னும் என்னென்ன கிடக்கிறது என்ற கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். பாப் டிலன் ரசிகர்களில் மூத்தவர்கள், 1983-ல் 'இன்ஃபிடல்ஸ்' ஆல்பத்திலிருந்து 'பிளைண்ட் வில்லி மெக்டெல்' பாட்டைத் தூக்கியதை இன்னும் மன்னிக்கவில்லை. அந்தப் பாட்டு 1991-ல் வெளியாகிவிட்டது. ஆனாலும் கோபம் போகவில்லை.

புதிதாக வருகிறவருக்குத் தலை சுற்றும். வெளியான பாட்டுகளையே இன்னும் முழுசாகக் கேட்டு முடிக்கவில்லை, இவர்கள் வெளியாகாத பாட்டுக்கு இப்படி அடித்துக்கொள்கிறார்களே என்று தோன்றும். கொஞ்சம் கவனித்துக் கேட்டால் ஒன்று புரியும். இந்தச் சண்டைகளில் பாதி, ஆளுக்கொரு சாமானை மனதில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒரே பெயரால் அழைப்பதால் வருகிறது. 'வெளியாகாத பாட்டு' என்று சொல்லும்போது ஒருவர் மிக்ஸிங் வரை முடிந்த பாட்டை நினைக்கிறார். இன்னொருவர் வீட்டு டேப்பில் முணுமுணுத்த மெட்டை நினைக்கிறார். மூன்றாமவர் பாடகர் இறந்தபின் வேறொருவர் இசை சேர்த்து முடித்ததை நினைக்கிறார். மூன்றையும் ஒரே தராசில் வைத்தால் சண்டை எப்படி முடியும்?

எனவே முதலில் சாமான்களைப் பிரித்துக்கொள்வோம்.

டெமோ என்பது முன்மாதிரி. பாட்டு எப்படி வரும் என்று காட்டுவதற்காகப் பதிவு செய்வது. அதில் வரிகள் முழுசாக இருக்க வேண்டும் என்றில்லை. 'பில்லி ஜீன்' பாட்டுக்கு ஜாக்சன் 1981-ல் வீட்டில் பதிந்த டெமோ, 2001-ல் வந்த 'த்ரில்லர்' சிறப்புப் பதிப்பில் இருக்கிறது. கேட்டுப் பாருங்கள். தாளக்கட்டு அப்போதே வந்துவிட்டது, பல்லவியும் வந்துவிட்டது. சரணத்தில் மட்டும் பல இடங்களில் வார்த்தையே கிடையாது. வார்த்தை வரவேண்டிய இடத்தை வாய்க்கு வந்த அரை ஒலிகளால் நிரப்பிக்கொண்டு போகிறார். மெட்டு முதலில், வரி பிறகு என்பது அவர் வேலை செய்த முறை. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே ஒட்டுக்கேட்ட மாதிரி இருக்கும்.

டெமோவுக்கும் கடைசியில் வந்த பாட்டுக்கும் சம்பந்தமே இல்லாமலும் போகலாம். 'த்ரில்லர்' ஆல்பத்தில் துள்ளிக் குதிக்கிற 'பி.ஒய்.டி.' இருக்கிறதல்லவா? அதே தலைப்பில் ஜாக்சனும் கீபோர்டு கலைஞர் கிரெக் ஃபிலிங்கேன்ஸும் முதலில் எழுதியது நிதானமாக நகரும் வேறொரு பாட்டு. தயாரிப்பாளர் குவின்ஸி ஜோன்ஸுக்குத் தலைப்பு பிடித்துப்போனது, பாட்டு பிடிக்கவில்லை. கடைசியில் அவரும் ஜேம்ஸ் இங்ரமும் சேர்ந்து அதே தலைப்புக்குப் புதுசாக ஒரு பாட்டையே எழுதினார்கள். பழைய டெமோ 2004-ல் 'தி அல்டிமேட் கலெக்ஷன்' தொகுப்பில் வெளியானது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், 'பி.ஒய்.டி. டெமோ'வை பாட்டின் ஆரம்ப வடிவம் என்று சொல்வதே சரியில்லை என்று தெரியும்.

அவுட்டேக் வேறு. ஒரு ஆல்பத்துக்காக ஸ்டுடியோவில் உட்கார்ந்து பதிவு செய்து, கடைசிப் பட்டியலில் இடம் கிடைக்காமல் போன பாட்டு அது. பெரும்பாலும் முக்கால்வாசி முடிந்திருக்கும், சில சமயம் முழுசாகவே முடிந்திருக்கும். வெளியான பாட்டையே வேறு விதமாகப் பாடிய பதிவு இருந்தால் அதை மாற்று டேக் என்பார்கள். சிங்கிள் ரெக்கார்டின் மறுபக்கத்தில் போட்ட பாட்டு பி-சைட். அது ஆல்பத்தில் இல்லாவிட்டாலும் வெளியான பாட்டுதான், இந்தக் கணக்கில் வராது. இத்தனைக்கும் மேலே, ஆல்பமே மொத்தமாகக் கைவிடப்பட்ட கதைகளும் உண்டு.

இன்னொரு சொல்லும் அடிக்கடி காதில் விழும்: மல்டிடிராக். குரல், டிரம், பேஸ் என்று ஒவ்வொன்றும் தனித்தனித் தடத்தில் இருக்கும் மூலப்பதிவு. அது கைக்குக் கிடைத்தால் பாட்டைத் திரும்ப மிக்ஸ் செய்யலாம், புது இசை சேர்க்கலாம். எல்லாம் ஒன்றாகக் கலந்த கேசட் பிரதி மட்டும் இருந்தால் கை கட்டிப்போட்ட நிலைதான். அதாவது, சமீபகாலம் வரை அப்படித்தான் இருந்தது. ஜான் லெனன் பியானோவோடு பாடிய பழைய கேசட் டெமோ ஒன்றை எடுத்து முடிக்க, பீட்டில்ஸில் மிஞ்சிய மூவரும் 1995-ல் முயன்று பாதியில் விட்டார்கள். பியானோவிலிருந்து குரலைப் பிரிக்க அன்று வழியில்லை. கணினிக்குக் குரலைப் பிரிக்கக் கற்றுக்கொடுத்த பிறகு 2023 நவம்பரில் அது 'நவ் அண்ட் தென்' என்ற பெயரில் வெளிவந்தது. அதற்குள் ஜார்ஜ் ஹாரிசனும் இல்லை. 1995-ல் அவர் வாசித்துவைத்த கிட்டார் மட்டும் இருந்தது.

நல்ல பாட்டை ஏன் விட்டார்கள்?

ரசிகர் சண்டையின் மையம் இதுதான். 'இவ்வளவு நல்ல பாட்டை எப்படி விட மனசு வந்தது?' இந்தக் கேள்விக்குள் ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது: இருப்பதில் சிறந்த பத்துப் பாட்டைப் பொறுக்கினால் ஆல்பம் வந்துவிடும் என்று. அப்படி நடப்பதில்லை. கிரிக்கெட் அணி தேர்வு மாதிரிதான் இதுவும். பதினோரு பேரும் தொடக்க ஆட்டக்காரர்களாக இருந்தால் பந்து போடுவது யார்?

'த்ரில்லர்' 1982-ல் உருவான விதத்தைப் பார்த்தால் இது விளங்கும். குவின்ஸி நூற்றுக்கணக்கான பாட்டுகளைக் கேட்டுச் சலித்து ஒன்பதாகக் குறைத்தார். அந்த ஒன்பதிலும் வலுக் குறைந்த நாலைத் தூக்கிவிட்டு வேறு நாலு போட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். அப்படி வெளியே போனவற்றில் ஒன்று மைக்கேல் செம்பெல்லோவும் டான் ஃப்ரீமேனும் எழுதிய 'கரூசல்'. அந்த இடத்தைப் பிடித்தது 'ஹ்யூமன் நேச்சர்'.

'ஹ்யூமன் நேச்சர்' உள்ளே வந்ததே ஒரு விபத்து. டோட்டோ குழுவின் டேவிட் பெய்ச் தன் பாட்டுகளை ஒரு கேசட்டில் போட்டு குவின்ஸிக்கு அனுப்பினார். அதே கேசட்டில் அவருடைய குழுவைச் சேர்ந்த ஸ்டீவ் போர்க்காரோ பதிந்துவைத்த அரைகுறைப் பாட்டு ஒன்றும் இருந்தது. பெய்ச்சின் பாட்டுகள் முடிந்தும் கேசட்டை நிறுத்தாமல் ஓடவிட்டதால் அது குவின்ஸி காதில் விழுந்தது. பெய்ச்சின் பாட்டுகள் போயின, போர்க்காரோவின் பாட்டு நின்றது. வரிகள் போதாது என்று ஜான் பெட்டிஸை வைத்து எழுத வைத்தார்கள். ஆல்பம் முழுக்க வேகமும் முறுக்குமாக இருக்கும்போது மூச்சு விட ஓர் இடம் வேண்டியிருந்தது. அந்த வேலைக்கு 'கரூசல்' லாயக்கா, 'ஹ்யூமன் நேச்சர்' லாயக்கா என்றுதான் அங்கே பார்த்தார்கள். 'கரூசல்' கெட்ட பாட்டு என்று யாரும் தீர்ப்பு எழுதவில்லை.

அடுத்தது இடப் பிரச்சினை. ஸ்ட்ரீமிங்கில் வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று உறைக்காது. எல்.பி. ரெக்கார்டில் ஒரு பக்கத்தில் நேரம் கூடக்கூட, தடங்கள் நெருக்கமாகி ஒலி மெலிந்துபோகும். 'த்ரில்லர்' முதல் மிக்ஸைப் போட்டுக் கேட்டபோது சப்பென்று இருந்ததாம். பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கும் கீழே கொண்டுவர வேண்டும் என்று குவின்ஸி பிடிவாதம் பிடித்தார். 'தி லேடி இன் மை லைஃப்' பாட்டில் ஒரு சரணமே போயிற்று. 'பில்லி ஜீன்' முன்னிசையும் குறைந்தது. அதையும் இன்னும் குறைக்கச் சொன்னபோது, அதைக் கேட்டால்தான் எனக்கு ஆடத் தோன்றுகிறது என்று ஜாக்சன் மறுத்த கதை பிரசித்தம். ஆக, வெளியான பாட்டுக்குள்ளேயே வெளியாகாத துண்டுகள் உண்டு.

இப்போது 'ஸ்ட்ரீட்வாக்கர்' விவகாரத்துக்கு வருவோம். 'பேட்' 1987-ல் வந்த ஆல்பம். அதற்கு ஜாக்சன் எழுதிக் குவித்ததில் முப்பது பாட்டுகள் வரை பதிவாகி, மூன்று ரெக்கார்டுத் தொகுப்பாக வெளியிட ஆசைப்பட்டார் என்றும் குவின்ஸிதான் ஒற்றை ரெக்கார்டாகக் குறைத்தார் என்றும் சொல்வார்கள். கடைசிக் கட்டத்தில் இரண்டு பாட்டுகளுக்கு இடையே இழுபறி. ஜாக்சனுக்கு 'ஸ்ட்ரீட்வாக்கர்', குவின்ஸிக்கு 'அனதர் பார்ட் ஆஃப் மீ'. இரண்டையும் போட்டுக் காட்டியபோது மேனேஜர் ஃபிராங்க் டிலியோ, நல்ல கனத்த உடம்புக்காரர், இரண்டாவது பாட்டுக்கு எழுந்து ஆட ஆரம்பித்துவிட்டார். அதோடு விவாதம் முடிந்தது என்று குவின்ஸி பிற்பாடு சிரித்துக்கொண்டே சொன்னார்.

ரசிகர்களுக்கு இந்தக் கதை எரிச்சலைக் கிளப்பும். ஒருத்தர் இடுப்பை ஆட்டியதற்காக ஒரு பாட்டு பதினான்கு வருஷம் அலமாரியில் தூங்கியதா? (2001-ல் 'பேட்' சிறப்புப் பதிப்பில்தான் அது வெளியானது.) அதோடு 'அனதர் பார்ட் ஆஃப் மீ' ஏற்கெனவே 1986-லிருந்து டிஸ்னி பூங்காவில் ஓடிய 'கேப்டன் இஓ' குறும்படத்தில் கேட்டுப் பழகியதுதானே என்பது அவர்களுடைய அடுத்த வாதம்.

என் கட்சி வேறு. 'ஸ்ட்ரீட்வாக்கர்' பிரமாதமான பாட்டு, அந்த பேஸ் ஓட்டம் கேட்டவுடன் ஒட்டிக்கொள்ளும். ஆனால் அதன் சங்கதி என்ன? ஒரு பெண் பின்னால் சுற்றி, தன்னோடு வரச்சொல்லிக் கெஞ்சுகிற ஆள். அந்த வேலையை 'பேட்' ஆல்பத்தில் 'தி வே யூ மேக் மீ ஃபீல்' ஏற்கெனவே செய்துவிட்டது, அதைவிட நன்றாகவே. இரண்டும் ஒரே ஆல்பத்தில் இருந்தால் ஒன்று இன்னொன்றின் நிழலாகத்தான் தெரியும். 'ஸ்ட்ரீட்வாக்கர்' எதற்குப் பதிலாக வந்திருக்க வேண்டும் என்று கேட்பதை விட, எதன் பக்கத்தில் உட்கார வேண்டியிருந்திருக்கும் என்று கேட்டால் முடிவு அவ்வளவு விநோதமாகத் தெரியாது.

அதோடு, விட்ட பாட்டு வீணாகிப் போவதுமில்லை. 'ஸ்ட்ரீட்வாக்கர்' சரக்கிலிருந்துதான் 1991-ல் 'டேஞ்சரஸ்' ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு கிளைத்து வளர்ந்தது. அதே 1991-ல் தயாரிப்பாளர் டெடி ரைலியோடு தொடங்கிய 'பிளட் ஆன் த டான்ஸ் ஃப்ளோர்' பாட்டு அந்த ஆல்பத்தில் இடமில்லாமல் ஒதுங்கி, 1997-ல் முடிக்கப்பட்டு பிரிட்டனில் முதலிடத்துக்கே போனது. பிரின்ஸ் எழுதி ஒதுக்கிய 'மேனிக் மண்டே' 1986-ல் பேங்கிள்ஸ் குழுவுக்குப் போய் உலகப் புகழ் பெற்றது. ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் முடிக்க முடியாமல் விட்ட 'பிகாஸ் த நைட்', பாடகி பாட்டி ஸ்மித் கையில் 1978-ல் முழுமையானது. அவுட்டேக் என்றால் குப்பைக்கூடைக்குப் போனது என்று நினைப்பது தப்பு. அடுத்த வேலைக்கு எடுத்து வைத்த துணுக்காகவும் அது இருக்கலாம்.

சில பாட்டுகள் இசைக் காரணமே இல்லாமல் நின்றுபோகும். ஜப்பானின் யெல்லோ மேஜிக் ஆர்க்கெஸ்ட்ரா குழுவின் 'பிஹைண்ட் த மாஸ்க்' பாட்டை ஜாக்சன் 'த்ரில்லர்' காலத்தில் புது வரிகள் சேர்த்துப் பதிந்தார். உரிமைத்தொகை பேரம் படியவில்லை, பாட்டு நின்றது. எரிக் கிளாப்டன் 1986-ல் அதைப் பாடி வெளியிட்டார். ஜாக்சனின் பதிவோ அவர் இறந்தபின் 2010-ல்தான் வந்தது. இங்கே 'ஏன் விட்டார்' என்று ரசனையை வைத்து விவாதம் செய்து புண்ணியமில்லை.

அலமாரியிலிருந்து காதுக்கு வரும் வழி

திருட்டுத்தனமாக அச்சிட்டு விற்கிற ரெக்கார்டுக்கு பூட்லெக் என்று பெயர். ராக் இசையில் இந்த வியாபாரத்தைத் தொடங்கிவைத்ததாகச் சொல்லப்படுவது 1969-ல் வந்த 'கிரேட் ஒயிட் வண்டர்'. வெறும் வெள்ளை அட்டையில், டிலன் 1967-ல் நண்பர்களோடு நிலவறையில் பதிந்தவையும் இன்னும் சிலதும் இருந்தன. அந்த நிலவறைப் பதிவுகள் 1975-ல் ஓரளவும் 2014-ல் முழுமையாகவும் முறைப்படி வெளியாயின. டிலனின் நிறுவனம் 1991-ல் தொடங்கிய அதிகாரபூர்வ வரிசைக்கே 'பூட்லெக் சீரிஸ்' என்று பெயர் வைத்தது. திருடன் வைத்த பெயரை வீட்டுக்காரர் எடுத்துக்கொண்ட மாதிரி.

இன்று பூட்லெக் இடத்தை லீக் பிடித்துக்கொண்டது. கணினியை உடைத்துத் திருடுவது, ஸ்டுடியோ ஆட்கள் வழியாகக் கசிவது, ரகசியமாக வைத்திருப்பவரிடம் ரசிகர்கள் கூட்டாகப் பணம் போட்டு வாங்குவது என்று பல தினுசு. இதில் விசித்திரமான ஒரு வர்க்கம் உண்டு: பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு யாருக்கும் தராத சேகரிப்பாளர்கள். எல்லோருக்கும் கிடைத்துவிட்டால் அதன் மதிப்பு போய்விடும் என்பதால் பத்து இருபது விநாடித் துண்டை மட்டும் வெளியே விடுவார்கள். அந்தத் துண்டுக்குப் பெயர் ஸ்னிப்பெட். சில பாட்டுகளின் பெரும்புகழ் வெறும் ஸ்னிப்பெட்டில் எழுந்த கோட்டை. முழுப்பாட்டு வந்தபின் சத்தமில்லாமல் சரிந்துபோன கோட்டைகள் நிறைய.

லீக்கைக் கலைஞர்கள் எதிர்கொள்ளும் விதமும் ஆளுக்கு ஆள் வேறு. மடோனாவின் 'ரெபல் ஹார்ட்' டெமோக்கள் 2014 டிசம்பரில் கசிந்தபோது அவர் கொதித்துப்போனார். உடனே ஆறு பாட்டுகளை முடித்து முன்கூட்டியே வெளியிட்டார். திருடியவர் இஸ்ரேலில் பிடிபட்டுச் சிறைக்குப் போனார். ரேடியோஹெட் குழுவிடம் 2019-ல் 'ஓகே கம்ப்யூட்டர்' ஆல்பக் காலத்துப் பதிவுகளைத் திருடி 1,50,000 டாலர் கேட்டு மிரட்டியதாகச் செய்தி வந்தது. அவர்கள் சுமார் 18 மணி நேரப் பதிவுகளையும் 18 பவுண்டுக்கு 18 நாள் தாங்களே விற்று, பணத்தைச் சுற்றுச்சூழல் இயக்கம் ஒன்றுக்குக் கொடுத்தார்கள். லானா டெல் ரேயின் 'சே எஸ் டு ஹெவன்' பல வருஷம் கசிந்த பிரதியாகவே சுற்றிச் சுற்றி டிக்டாக்கில் பிரபலமாகி, கடைசியில் 2023 மே மாதம் முறையாக வெளியானது.

சட்டம் கதவைத் திறந்துவிட்ட வேடிக்கையும் உண்டு. ஒலிப்பதிவுகளின் பதிப்புரிமையை ஐரோப்பிய ஒன்றியம் 2011-ல் 50 ஆண்டிலிருந்து 70 ஆண்டாக நீட்டியது. ஆனால் 50 ஆண்டுக்குள் வெளியிடாத பதிவுக்கு அந்தச் சலுகை கிடையாது. நிறுவனங்கள் என்ன செய்தன? டிலனின் 1962-ஆம் வருஷத்துப் பதிவுகளை 2012 கடைசியில் சுமார் நூறு பிரதி மட்டும் போட்டு ஐரோப்பாவில் விற்றார்கள். தொகுப்பின் பெயரிலேயே 'காப்பிரைட் எக்ஸ்டென்ஷன்' என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருந்தது. அடுத்த வருஷம் பீட்டில்ஸின் 1963 காலத்துப் பதிவுகள் ஐம்பத்தொன்பது, ஐடியூன்ஸ் என்ற இணையப் பாட்டுக் கடையில் திடீரென்று முளைத்ததும் இதே காலக்கெடு நெருங்கியபோதுதான். ரசிகர்களுக்கு யோகம்.

யார் முடித்த பாட்டு?

கலைஞர் உயிரோடு இல்லாதபோது விவாதம் சூடாகிவிடும். பிரின்ஸ் 2016 ஏப்ரல் 21 அன்று உயில் எழுதாமல் இறந்தார். மினசோட்டாவில் இருந்த அவருடைய பெய்ஸ்லி பார்க் வளாகத்தில் பெட்டகத்தைத் துளைபோட்டுத் திறந்தார்கள். அங்கிருந்த டேப்புகள் 2017-ல் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள பாதுகாப்புக் கிடங்குக்குப் போயின. 'சைன் ஓ த டைம்ஸ்' ஆல்பத்தின் 2020 பெரும்பதிப்பில் மட்டும் அதுவரை வெளிவராத ஸ்டுடியோப் பதிவுகள் 45. அவர் விரும்பியிருப்பாரா? இதற்கு அவர் வாழ்க்கையே இரண்டு பக்கமும் சாட்சி சொல்லும். 1987 டிசம்பரில் 'பிளாக் ஆல்பம்' கடைக்குப் போகச் சில நாள் இருக்கும்போது, அச்சான சுமார் ஐந்து லட்சம் பிரதிகளையும் அழிக்கச் சொன்னவர் அவர்தான். அதே ஆல்பத்தை 1994-ல் வெளியிட ஒப்புக்கொண்டவரும் அவர்தான்.

ஜாக்சன் விஷயத்தில் சிக்கல் வேறு. 2009 அக்டோபரில் 'திஸ் இஸ் இட்' என்று ஒரு 'புதுப் பாட்டு' வந்தது. வந்த கையோடு பாடகர் பால் ஆங்கா கையைத் தூக்கினார். 1983-ல் தானும் ஜாக்சனும் சேர்ந்து எழுதிய பாட்டு அது, பெயர்கூட 'ஐ நெவர் ஹெர்ட்' என்றார். உண்மைதான். பாதி உரிமையை அவருக்குக் கொடுத்தார்கள். அந்தப் பாட்டை வேறொரு பாடகி 1991-லேயே பாடி வெளியிட்டிருந்தார். எந்த ஆண்டு, எந்த ஆல்பத்து வேலைக்கு நடுவில் பதிந்தது என்ற கேள்வியை ரசிகர்கள் ஏன் இப்படிக் குடைகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு கதை போதும். அட்டையில் போட்டிருக்கும் விவரத்தை நம்ப முடியாது.

2010 டிசம்பரில் வந்த 'மைக்கேல்' ஆல்பம்தான் உச்சம். அதில் 'பிரேக்கிங் நியூஸ்', 'மான்ஸ்டர்', 'கீப் யுவர் ஹெட் அப்' ஆகிய மூன்றிலும் பாடுவது ஜாக்சனே இல்லை என்று ரசிகர்கள் கிளம்பினார்கள். குடும்பத்தினர் சிலரும் அதையே சொன்னார்கள். நிபுணர்களை வைத்துச் சோதித்ததாகவும் குரல் அவருடையதுதான் என்றும் நிறுவனம் சொன்னது. 2014-ல் ஒரு ரசிகை கலிஃபோர்னியாவில் வழக்குப் போட்டார். 2022-ல் அந்த மூன்று பாட்டுகளும் ஸ்ட்ரீமிங்கிலிருந்து எடுக்கப்பட்டன. இது குரல் யாருடையது என்ற கேள்வியோடு சம்பந்தப்பட்டதில்லை, பேச்சுக்கு முற்றுப்புள்ளி வைக்கத்தான் என்றது நிறுவனத் தரப்பு. அதே ஆண்டு ஆகஸ்டில், ஆல்பத்தின் அட்டையில் பாடகர் பெயரைப் போட்டு விற்பது வணிகப் பேச்சு, அதைக் கருத்துச் சுதந்திரம் என்று சொல்லித் தப்ப முடியாது என்று மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. பிறகு இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டார்கள். குரல் யாருடையது என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லவில்லை.

இதற்கு அடுத்து 2014-ல் வந்த 'எக்ஸ்கேப்' ஒரு நல்ல காரியம் செய்தது. எட்டுப் பாட்டுகளுக்கும் தயாரிப்பாளர் டிம்பலண்ட் முதலானோர் புது இசை போட்டார்கள். டீலக்ஸ் பதிப்பில் எட்டின் பழைய வடிவங்களையும் கூடவே கொடுத்தார்கள். 'லவ் நெவர் ஃபெல்ட் ஸோ குட்' பழைய வடிவத்தில் பியானோவும் விரல் சொடுக்கும் குரலும்தான், வேறு பெரிதாக ஒன்றுமில்லை. அதைக் கேட்டபின் புது வடிவத்தைக் கேட்டால், எது ஜாக்சன், எது பின்னால் வந்தவர்கள் ஒட்டியது என்று காதே பிரித்துச் சொல்லிவிடும். இந்த வகைப் பாட்டுகளைக் கேட்கப் பழக இதைவிட நல்ல இடம் இல்லை. இறந்தவர் பாட்டை வெளியிடுகிற எல்லோரும் இப்படி மூலத்தையும் சேர்த்தே தரவேண்டும் என்பது என் ஆசை.

டெய்லர் ஸ்விஃப்ட் ரசிகர்களிடையே இதே விவாதம் வேறு உருவில் நடக்கிறது. 2021-லிருந்து அவர் பழைய ஆல்பங்களைத் திரும்பப் பதிந்தபோது, அந்தக் காலத்தில் எழுதி விட்டுப்போனவற்றை 'ஃப்ரம் த வால்ட்' என்று சேர்த்தார். பத்து நிமிட 'ஆல் டூ வெல்' அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. இவை எழுதியது அன்று, பாடியதும் இசைத்ததும் இன்று. கறாராகப் பார்த்தால் அவுட்டேக் ஆகாது. 'அந்தக் காலத்தில் இந்த ஒலியே கிடையாதே' என்று சிலர் முறுக்கிக்கொள்வதற்கு அதுதான் காரணம்.

எல்லா டெமோவும் முழுமை பெறக் காத்திருக்கிறது என்றும் நினைக்க வேண்டாம். ஸ்பிரிங்ஸ்டீன் 1982-ல் வெளியிட்ட 'நெப்ராஸ்கா' ஆல்பம், நாலு தட கேசட் கருவியில் வீட்டில் பதிந்த டெமோக்களேதான். குழுவோடு ஸ்டுடியோவில் திரும்ப வாசித்துப் பார்த்தார்கள், கேசட்டில் இருந்த உயிர் வரவில்லை. அந்தக் குழுப் பதிவை 'எலக்ட்ரிக் நெப்ராஸ்கா' என்று பெயர் வைத்து ரசிகர்கள் நாற்பது வருஷம் தேடினார்கள். 2025 அக்டோபரில் அது வெளியானது. சில பாட்டுகள் உண்மையிலேயே நன்றாக இருக்கின்றன. மொத்தத்தில், கேசட்டைத் தேர்ந்தெடுத்தது சரி என்பதைத்தான் அது காட்டுகிறது என்று எனக்குப் படுகிறது.

இன்னொரு விஷயம். விட்ட பாட்டு எப்போதும் கொஞ்சம் கூடுதல் அழகாகத் தெரியும். ஹிட் பாட்டை ஆயிரம் தடவை கேட்டுக் காது மரத்திருக்கும்போது, அதே குரலில் புதுசாக ஒன்று வந்தால் சிலிர்க்கத்தானே செய்யும்? தேடி அலைந்து கிடைத்தது என்ற பெருமையும் சேர்ந்துகொள்ளும். ஹிட் பாட்டைக் கேட்ட அளவுக்கே அதையும் ஆறு மாதம் கேட்டுவிட்டு அப்புறம் ஒப்பிட்டால் நியாயமாக இருக்கும். யார் செய்யப்போகிறார்கள்!

போலியா, அசலா?

2023 ஏப்ரலில் டிரேக், வீக்எண்ட் என்ற இரண்டு பாடகர்கள் சேர்ந்து பாடியதுபோல் 'ஹார்ட் ஆன் மை ஸ்லீவ்' என்று ஒரு பாட்டு பரவியது. இருவரும் பாடவே இல்லை, குரல்கள் செயற்கை நுண்ணறிவால் செய்தவை. அன்றிலிருந்து 'புதிதாகக் கசிந்த பாட்டு' என்று எது வந்தாலும் சந்தேகம்தான். காதை மட்டும் நம்பினால் இனி ஏமாறுவது நிச்சயம். 'மைக்கேல்' ஆல்பச் சண்டையில் மனிதக் குரல்களை வைத்தே முடிவு காண முடியவில்லையே.

அனுபவப்பட்ட ரசிகர்கள் இப்போது காகிதத்தை நம்புகிறார்கள். ஒரு தலைப்பு வந்தவுடன் முதலில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகப் பதிவேட்டில் அந்தப் பெயர் இருக்கிறதா, யார் எழுதியதாக, எந்த ஆண்டில் என்று பார்ப்பார்கள். பிறகு ஒலிப்பதிவுப் பொறியாளரோ உடன் வாசித்தவரோ பழைய பேட்டி எதிலாவது அந்தப் பாட்டைச் சொல்லியிருக்கிறாரா என்று தேடுவார்கள். டேப் பெட்டியின் மேல் எழுதிய குறிப்பு ஏலப் படங்களில் தென்படுகிறதா என்றும் பார்ப்பதுண்டு. இப்படிக் குரல் நகல் கருவிகள் வருவதற்கு முன்பே எங்காவது தடம் இருந்தால் பேச்சைத் தொடரலாம். அதுவரை கேட்டதே இல்லாத தலைப்பு, எங்கிருந்து வந்தது என்று சொல்லாத ஆள், காசு கொடுத்தால் முழுப்பாட்டு தருகிறேன் என்ற பேச்சு, இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் பணப்பையை மூடிவைப்பது நல்லது.